மேல்வயலுக்கு விதைச் சோளம்

பைத் ஸர்ஹான்,
ரஜப் 29

என் பிள்ளைகளின் தகப்பனார் முக்பில் அவர்களுக்கு, உங்கள் வீட்டிலிருந்து தகிய்யா சொல்லும் ஸலாம். ஜித்தாவின் வெயிலும் ரொட்டி அடுப்பின் வெக்கையும் உங்கள் உடம்பைப் படுத்தாமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே அர்வா நலம். சின்னவன் கஹ்லானுக்கு நாலு பல் வந்துவிட்டது. எதைப் பிடித்தாவது எழுந்து நிற்கிறான், கறவை மாட்டின் வாலையும் சேர்த்து. நீங்கள் இன்னும் பார்க்காத மகன் உங்களைப் போலவே பிடிவாதக்காரன் என்பதை மட்டும் இப்போதைக்குத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்ப்பீர்கள். இது பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஃபகீஹ் லுத்ஃப் எழுதியதில்லை. நானே எழுதுகிறேன். எகிப்து வாத்தியாரின் மனைவி இந்தக் குளிர்காலம் முழுக்கப் பெண்களுக்குப் பாடம் எடுத்தாள். பதினோரு பேர் சேர்ந்தோம், கடைசிவரை போனது நான்கு பேர். எனக்கு வேறு வழியில்லை. இத்தனை வருடமாக நம் வீட்டுச் செய்தியை லுத்ஃபிடம் சொல்லித்தான் எழுதினேன். நான் சொல்லி முடித்து வீடு திரும்புவதற்குள் கிணற்றடியில் நாலு பேர் அதற்குப் பதிலே வைத்திருப்பார்கள். இன்று எழுதப்போவது ஊர் கேட்கக்கூடிய விஷயமில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேல்வயல் முளைக்கவில்லை.

விதைத்துப் பதினான்கு நாள் ஆகிறது. நமக்குக் கீழே உங்கள் அண்ணன் ஹிஸாமின் வயலில் சோளம் ஒரு சாண் நிற்கிறது. நம்முடையது மொட்டைத் தலையாகக் கிடக்கிறது. நேற்றுக் காலை உழவுச் சாலைக் கையால் கிளறிப் பார்த்தேன். விதை போட்ட இடத்திலேயே இருந்தது. எறும்பு தொடவில்லை, குருவி எடுக்கவில்லை. விரலில் வைத்து நசுக்கினால் மாவாகப் பிதுங்கிப் புளித்த வாடை அடித்தது. இருபது விதைக்கு மேல் நசுக்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட முளை இல்லை.

தப்பு என்னுடையது. மழையின் மேல் போட முடியாது, இந்தத் தடவை மழை நன்றாகவே பெய்தது.

இடிந்த கல்சுவரை எடுத்துக் கட்ட ஊரே திரண்டு வந்ததைக் குளிர்காலத்தில் எழுதியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்கள், மூன்று நாள். கல் சுமந்தவர்களுக்கு வயிறு நிறையக் களி போட வேண்டாமா? இரண்டாம் நாள் மாவு தீர்ந்துவிட்டது. சோளம் கொட்டி மூடிவைத்த பாறைக்குழியைத் திறக்கலாம் என்றால், அது திறந்ததும் இறங்குகிற குழியா? மூடியைப் புரட்டி ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்டு, கயிற்றில் விளக்கை இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். ஆட்களோ வாசலில் கை கழுவிக்கொண்டு நிற்கிறார்கள். அடுப்புக்கு மேலே பரணில் புகை படிந்து தொங்கிய கதிர்க்கொத்துகள் கண்ணில் பட்டன. அறுத்தேன், உதிர்த்தேன், அரைத்தேன். சோளம் சோளம்தானே, குழி நிறைய இருக்கிறதே, விதைக்கும் நேரத்தில் அதிலிருந்து அள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

அப்படியே செய்தேன். குழிச் சோளத்தை அள்ளிக்கொண்டுபோய் வயல் முழுக்க விதைத்தேன்.

நட்சத்திரமும் தண்ணீர் முறையும் பார்க்கிற ஸாலிஹிடம் இரண்டு விதையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "குழிச் சோளம் திங்கிறதுக்கு, புள்ள. காத்துப் போகாம மூடுறதே வண்டு சாகட்டும்னுதான். வண்டு செத்தா விதையில இருக்கிற உசுரு மட்டும் உக்காந்துட்டு இருக்குமா? பரண்ல தொங்குறதுதான் விதை. மலையில பொறந்த ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும்" என்றார். நான் மலையில் பிறக்கவில்லையே. எங்கள் கடற்கரையில் மீனைக் காய வைப்போம். காய்ந்த மீன் திரும்பக் கடலில் நீந்துமா என்று யாரும் விட்டுப் பார்த்ததில்லை. உங்கள் அம்மா இருந்தவரை பரணில் கை வைத்தது அவர்தான். அவருக்குப் பிறகு நீங்கள். யாராவது ஒருவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கோபமாக வருகிறது. பிறகு, கேட்காமல் இருந்தது யார் என்று நினைத்தால் அந்தக் கோபம் என்மேலேயே திரும்புகிறது.

ஸாலிஹ் அடுத்துச் சொன்னதுதான் பெரிய அடி. போன வருடம் விதைப்பு நேரத்தில் நான் பிரசவத்தில் கிடந்தேன், அதே மழையில் சுவரும் போனது, வயல் தரிசாகக் கிடந்தது. இந்த வருடமும் பச்சை தெரியாவிட்டால் முதல் மடை நம்மை விட்டுப் போய்விடும். மலையிலிருந்து இறங்குகிற வெள்ளத்தை நேராகக் கீழ்வயலுக்குத் திருப்பிவிடுவார்கள். "நான் விதைத்தேனே" என்றேன். "வெதைச்சது கணக்கில்ல தகிய்யா, பச்சை தெரியணும். இது நான் போட்ட சட்டமில்ல, என் அப்பன் போட்டதுமில்ல" என்றார். விதைப்புக்கு இனி ஒரே ஒரு நட்சத்திரம் பாக்கி. பதின்மூன்று நாள் நிற்கும். அதற்குள் விதை விழுந்தால் உண்டு.

விதைக்கு எங்கே போவது? பக்கத்து வீடுகளில் கேட்டேன். எல்லோரும் மனதாரக் கொடுக்கத் தயார். ஆனால் அவர்களிடம் மிஞ்சியிருப்பது பள்ளத்து நெட்டைச் சோளம். இவ்வளவு பிந்தி மேல்வயலில் அதைப் போட்டால் கதிர் பால் பிடிக்கும்போதே பனி வந்து கருக்கிவிடும் என்று ஸாலிஹ் சொல்கிறார். பிந்தி விதைத்தாலும் முந்தி முற்றுவது உங்கள் அப்பாவின் குட்டைச் சிவப்புச் சோளம் ஒன்றுதான். அது இந்த ஊரில் இரண்டு பரணில்தான் தொங்கியது. ஒன்றை நான் களி கிண்டிவிட்டேன். மற்றொன்று உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

நம் மடை பறிபோனால் லாபம் யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத்தான். அப்பாவை அடக்கம் செய்து நிலம் பிரித்தபோது, "ஊரை விட்டுப் போறவனுக்கு முதல் மடை எதுக்கு?" என்று அவர் கேட்டதும், "என் வயல் கல்லாப் போனாலும் ஒன் வாசல்ல தண்ணி குடிக்க மாட்டேன்" என்று நீங்கள் சத்தியம் போட்டதும் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் நான்தான். ஆறு வருடம் ஆகிறது.

மாவு மூட்டை அனுப்புகிறேன், வயலை விடு என்பீர்கள். உங்கள் மாவை நாங்கள் தின்போம். மாடு எதைத் தின்னும்? சோளத்தட்டையை மூட்டையில் கட்டி ஜித்தாவிலிருந்து அனுப்புவீர்களா? விதைக்காத வயலின் சுவரை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கல் சரிந்தால் சரிந்ததுதான். இரண்டு மழையில் மண் முழுக்கப் பள்ளத்தாக்கில் கிடக்கும். பிறகு நீங்கள் திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கும்?

அண்ணனிடம் போய்க் கேட்கட்டுமா? இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து பதில் திரும்புவதற்குள் நட்சத்திரம் முடிந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் செய்தாள் என்று இருக்க வேண்டாம்.

பிள்ளைகள் சார்பில் முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல மனதைத் தரட்டும்.

உங்கள் தகிய்யா


பைத் ஸர்ஹான்,
ஷஅபான் 13

முக்பில் அவர்களுக்கு, தகிய்யாவின் ஸலாம். பிள்ளைகள் நலம். கஹ்லானுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, பல் காய்ச்சல்தான், இறங்கிவிட்டது. அர்வா உங்களுக்கு ஒரு மாடு வரைந்து வைத்திருக்கிறாள், உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அது மாடுதான், கழுதை என்று எழுதிவிடாதீர்கள், அழுவாள்.

மேல்வயலில் விதை விழுந்துவிட்டது. நட்சத்திரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது.

எப்படி என்று எழுதுகிறேன். நீங்கள் கோபப்படுவீர்கள். பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுப் படுங்கள்.

பத்து நாள் பொறுத்தேன். கடிதம் கொண்டுவரும் அப்துவின் வண்டி இரண்டு தடவை வந்தது, உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலை மாட்டைக் கறந்துவிட்டு, கஹ்லானை முதுகில் கட்டிக்கொண்டு, அர்வாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். உங்கள் அண்ணன் முற்றத்தில் ஏர்க்கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணி நபீஹா அக்கா அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த மாவு அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் நான் அந்த வாசல் ஏறியதில்லை அல்லவா.

உங்கள் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "மீன்காரி மலை ஏறி வலை போட வந்துட்டாளா? என்ன மீனு வேணுமாம் கேளு" என்று அக்காவிடம் சொன்னார். எனக்கு ரோஷம் வந்தது. திரும்பிவிடலாமா என்று கால் யோசித்தது. மொட்டையாகக் கிடக்கும் வயலை நினைத்துக்கொண்டு நின்றேன். "விதை வேணும் மச்சான். மாமாவோட சிவப்புச் சோளம்" என்றேன்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? ஒன் புருஷன் போட்ட சத்தியம் ஊருக்கே தெரியுமே. அவனுக்குத் தெரிஞ்சா ஒன்னைய இல்ல தொலைச்சுருவான்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பொய் என் வாயில் வந்தது. யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, சத்தியமாக. "அவர்தான் எழுதினார் மச்சான். அண்ணன்கிட்ட போ, அப்பாவோட விதை அவர்கிட்டதான் இருக்கும்னு எழுதினார்" என்றேன்.

தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. உங்கள் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். தாடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது, நீங்கள் பார்த்தால் திடுக்கிடுவீர்கள். "அண்ணன்னா எழுதியிருக்கான்? ஹிஸாம்னு எழுதலையா?" என்று கேட்டார். "அண்ணன்னுதான்" என்றேன். "நீயே படிச்சியா?" என்றார். "நானேதான். இப்ப எனக்கு எழுத்து தெரியும்" என்றேன். அதுவரைதான் உண்மை.

உங்கள் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து கதிர்க்கொத்துகளை இறக்கிக்கொண்டு வந்து போட்டார். புகையில் கறுத்துப்போய், தட்டினால் உள்ளே சிவப்பு. கோலால் அடித்தால் விதைக்குக் காயம் படும் என்று நபீஹா அக்காவும் நானும் கையாலேயே கசக்கி உதிர்த்தோம். அக்கா ஒரு கொத்தைத் தனியாக எடுத்து என் மடியில் வைத்தாள். "இது இந்த வருஷத்துக்கில்ல, பரண்ல தொங்கவிடு. இதையும் அரைச்சுத் தின்னுட்டு வந்து நிக்காத" என்றாள். அக்காவும் நானும் சிரித்தோம். உங்கள் அண்ணன் சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தார்.

விதையை வாங்கிக்கொண்டு, ஏருக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்தபடி வந்தேன். வெயில் ஏறுவதற்குள் உங்கள் அண்ணன் தன் இரண்டு எருதுகளையும் ஓட்டிக்கொண்டு மேல்வயலில் வந்து நின்றார். நான் கேட்கவில்லை. "ஈரம் போறதுக்குள்ள உள்ள போகணும். வா, பின்னால வந்து போடு" என்றார்.

முக்பில், அந்த மனிதர் சும்மா இருந்திருந்தால் போதும். இரண்டே நாள் சும்மா இருந்திருந்தால் முதல் மடை அவருடையது. அவர் ஏர் பிடித்துச் சால் விட்டார், நான் பின்னால் குனிந்து நடந்து விதை போட்டேன். முதல் சாலில் நான் அள்ளி வீசியதைப் பார்த்து எருதை நிறுத்திவிட்டார். "மீனுக்கு இரை போடுறியா? மூணு மூணா எண்ணிப் போடு. நாலு விரல் ஆழம். ஈரத்துல விதை உக்காரணும், காஞ்ச மண்ணுல தூங்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு எண்ணித்தான் போட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. அர்வா வரப்பில் கஹ்லானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பெயர் என்ன என்று அவர் அவளிடம் கேட்டார். ஊருக்கே தெரிந்த பெயர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் கேட்டார். "கஹ்லான்" என்றாள். "எங்க அப்பா பேரு" என்றார். "எங்க தாத்தா பேரு" என்று அர்வா திருத்தினாள். "ரெண்டும் ஒண்ணுதான் கழுதை" என்றார். பரம்பு அடித்து மண்ணை மூடி முடிக்கும்போது பிற்பகல் அஸர் பாங்கு சொன்னார்கள்.

என் வீட்டில் அவர் களி சாப்பிடவில்லை. வற்புறுத்தினேன். "அவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பொய் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயலைப் பார்க்கும்போது அந்தத் தப்பு எனக்கு உறுத்துவதில்லை, அவர் முகத்தைப் பார்க்கும்போதுதான் உறுத்துகிறது. ரமலான் வரப்போகிறது. நோன்பு நாளில் அடுப்பு முன் நிற்பவர் நீங்கள், தலையில் ஈரத்துணி கட்டிக்கொள்ளுங்கள். முளைத்தால் எழுதுகிறேன். முளைக்க துஆ செய்யுங்கள்.

உங்கள் தகிய்யா


பைத் ஸர்ஹான்,
ஷவ்வால் 20

முக்பில் அவர்களுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போனது. நீங்கள் அனுப்பிய துணி வந்தது. அர்வாவின் சட்டை அளவாக இருக்கிறது, கஹ்லானின் சட்டையில் இரண்டு கஹ்லான் நுழையலாம். பரவாயில்லை, அவன் வளருவான். எனக்கு அனுப்பிய முக்காட்டை நேற்று வரை பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் நல்ல செய்தி. ஆறாம் நாள் முளைத்தது. காலையில் போய்ப் பார்த்தால் சால் நெடுக ஊசி குத்தினாற்போல் சிவப்பு நுனிகள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். யாராவது பார்த்திருந்தால் வீட்டில் சாவு என்று நினைத்திருப்பார்கள். ஸாலிஹ் வந்து வரப்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "பச்சைதான். மடை ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நோன்பின் கடைசிப் பத்தில் வெள்ளம் இறங்கியது. மடையை நான் திறப்பதற்குள் உங்கள் அண்ணன் மேலே வந்து திறந்துவிட்டார். நம் வயல் நிறைந்து வழிந்த பிறகுதான் தன் வயலுக்கு விட்டார். இப்போது பயிர் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. மூன்று மூன்றாக முளைத்ததில் நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துக்கொண்டிருக்கிறேன். கலைத்த பயிரை மாடு தின்கிறது, பால் கூடியிருக்கிறது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

என் முதல் கடிதத்துக்கு எழுதிய பதில் அது. இரண்டாவது உங்கள் கையில் கிடைக்குமுன் எழுதியது என்று தேதியைப் பார்த்ததும் புரிந்தது. வாத்தியாரம்மாவின் உதவி இல்லாமல் நானே முழுதும் படித்தேன். "ஹிஸாமின் வாசலில் கால் வைத்தால் என் வாசலில் வைக்க வேண்டாம். வயல் கல்லாகப் போகட்டும். மாவு மூட்டை இரண்டு அனுப்புகிறேன்." எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்காக நான் வருத்தப்பட்டது அன்று மட்டும்தான். அந்தக் கோபத்தில்தான் முக்காட்டைத் தொடவில்லை.

கடிதத்தை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு வயலுக்குப் போய்ப் பயிர் கலைத்தேன். நாலு சால் முடித்திருப்பேன், உங்கள் அண்ணன் ஏறி வந்தார். கல்சுவரில் உட்கார்ந்தார். மாட்டைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிச் சொன்னார், சுவரில் ஒரு கல்லை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "ஜித்தாவுலருந்து வந்திருக்குன்னு அப்து சொன்னான்" என்றார். "ஆமா மச்சான்" என்றேன். "என்னைப் பத்தி எதாச்சும்…" என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை.

நான் என்ன செய்யட்டும்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போயிருப்பார். அந்த மனிதர் கீழே இறங்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. முடிச்சை அவிழ்த்துக் கடிதத்தை விரித்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. அதற்காக அப்போது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், சொன்னதும் வெட்கமாகவும் இருந்தது. உங்கள் கையெழுத்தின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன்.

படித்தது இது. மறந்துவிடாமல் அன்றே தனியாக எழுதி வைத்தேன், அப்படியே தருகிறேன்:

"அண்ணன் ஹிஸாமுக்கு உங்கள் தம்பி முக்பில் சொல்லும் ஸலாம். நீங்கள் விதை கொடுத்தீர்கள் என்று அறிந்தேன். ஏரும் பிடித்தீர்கள் என்று அறிந்தேன். நிலம் பிரித்த அன்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நான் ஒன்று சொன்னேன். அப்பா போன துக்கத்தில் இரண்டு பேருக்கும் வாய் நிதானத்தில் இல்லை. இங்கே தினம் ஆயிரம் ரொட்டி சுடுகிறேன், ஒன்றிலும் அப்பாவின் சிவப்புச் சோள அடையின் ருசி இல்லை. அறுவடைக்கு வர முயற்சி செய்கிறேன். வந்தால் முதல் வாய் உங்கள் வீட்டில்தான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னொரு தடவை படி" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. மறுபடியும் விரலை வைத்து ஆரம்பித்தேன். முக்கால்வாசி சரியாகத்தான் வந்தது. கடைசியில், "வந்தால் முதல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்" என்று முடித்தேன். அவர் தலையைத் தூக்கினார். "மொதல்ல 'முதல் வாய்'னு படிச்ச. இப்ப 'முதல் சாப்பாடு'ங்கிற" என்றார். "எழுத்து புதுசு மச்சான், தடுமாறுது" என்றேன். "ம். தடுமாறத்தான் செய்யும்" என்றார். எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அவனுக்கு எழுது. எனக்குன்னு தனியா ஒரு கடுதாசி போடச் சொல்லு. லுத்ஃபை வெச்சுப் படிச்சுக்கிறேன். அவனுக்குத் தடுமாறாது" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து யோசித்து யோசித்து இந்த முடிவுக்குத்தான் வருகிறேன். ஒருவேளை விதை கேட்கப் போன அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் விதை கொடுத்தார், தெரிந்தும் ஏர் பிடித்தார், தெரிந்தும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பொய்யாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் அளவுக்கு ஒரு மனிதர் ஏங்கிப்போயிருக்கிறார் என்றால், நீங்கள் அவரை என்னவென்று சொல்வீர்கள்? நான் அண்ணன் என்று சொல்வேன்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் இருந்தது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும், நான் மறந்துவிடுவேன். அதன் பிறகுதான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நிறம் நன்றாக இருக்கிறது.

நான் உங்களிடம் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. பிரசவத்தில் துணைக்கு வாருங்கள் என்றுகூட எழுதவில்லை. இப்போது கெஞ்சுகிறேன். மேலே நான் எழுதியிருப்பதை உங்கள் கையால் எழுதி உங்கள் அண்ணன் பெயருக்கு அனுப்புங்கள். வார்த்தையை மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல வார்த்தை உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும், கல்யாணத்துக்கு முன் ஹுதைதாவில் எங்கள் குடிசை முன்னால் வந்து நின்று நீங்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். லுத்ஃப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துத்தான் படிப்பார், ஊரே கேட்கும். கேட்கட்டும். சத்தியம் போட்டதையும் இதே ஊர்தானே கேட்டது. சத்தியத்தை முறிப்பதற்கு நோன்பு வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்றால் வையுங்கள், நானும் சேர்ந்து வைக்கிறேன்.

எழுத மாட்டீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் போய் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். பொய்க்காரி என்ற பெயரை என்னால் தாங்க முடியும். நான் வெளியூர்க்காரி, அவர்கள் ஏற்கெனவே எனக்கு வைத்திருக்கும் பெயர்களோடு இதுவும் இருந்துவிட்டுப் போகும்.

அல்லாஹ் உங்கள் கைக்கு வலிமையும் உங்கள் நெஞ்சுக்கு ஈரமும் தரட்டும். உங்களை உங்கள் மகன் நடக்கப் பழகுவதற்குள் இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இரண்டு வாரமாக வியாழக்கிழமைகளில் அப்துவின் வண்டி வரும் நேரத்துக்கு உங்கள் அண்ணன் மேட்டில் போய் நிற்கிறார். யாராவது கேட்டால் மேகம் பார்க்க வந்தேன் என்கிறார். நம் ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் மழை வந்ததில்லை.

உங்கள் தகிய்யா